தேயிலை பேக்டரிக்கு எந்தத் தகவல் அமைப்பு? நான்கு வழிகளும் என் தேர்வும்

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர் பக்கம் சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கும் பேக்டரிகளில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி, "நாமும் ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டம் போட்டுவிடலாமா? போட்டால் எதைப் போடுவது?" என்பதுதான். பெரும்பாலான இடங்களில் இன்றைய நிலைமை ஒன்று போலவே இருக்கிறது. இலைக்கு ஒரு நோட்டு, தூளுக்கு ஒரு ரெஜிஸ்டர், விறகுக்கு இன்னொன்று, ஆடிட்டருக்காக டேலி என்ற கணக்கு மென்பொருள், இவற்றுக்கு நடுவே கணக்கர் மட்டுமே புரிந்து திறக்கக்கூடிய ஒரு எக்செல் ஃபைல். கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மென்பொருள் விற்க வருபவர்கள் லேப்டாப்பைத் திறந்து வண்ண வண்ண வரைபடங்களைக் காட்டுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எது நம் பேக்டரிக்கு ஆகும் என்பது அதைப் பார்த்து முடிவு செய்கிற விஷயம் இல்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பேக்டரி நடத்துபவர் பெரிய ஈ.ஆர்.பி. (கொள்முதல் முதல் கணக்கு வரை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருள்) பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். முதல் பணத்தை இலை எடை போடும் இடத்தில் செலவிடுங்கள். வரவு செலவுக்கு டேலி போன்ற ஒன்று போதும். இரண்டையும் இணைத்து, தினமும் காலையில் மேனேஜர் கையில் ஒரே ஒரு பக்கம் வர வேண்டும். இந்த முடிவுக்கு எப்படி வந்தேன், யாருக்கு இது பொருந்தாது என்பதையெல்லாம் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முடிவுகளிலிருந்து தொடங்குவோம்

மென்பொருளின் வசதிப் பட்டியலை வைத்து ஒப்பிட்டால் பெரியதுதான் எப்போதும் ஜெயிக்கும். அதனால் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, பேக்டரியில் யார் என்ன முடிவு எடுக்கிறார்கள் என்று பார்ப்போம். மேலாண்மைத் தகவல் அமைப்பு பற்றிப் படித்தவர்களுக்கு இந்த அடுக்குகள் தெரிந்திருக்கும். ஹார்வர்டு பேராசிரியர் ராபர்ட் ஆண்டனி 1965இல் நிறுவனத்தின் வேலையை மூன்றாகப் பிரித்தார்: அன்றாட வேலையைச் செவ்வனே நடத்துவது, வளங்கள் ஒழுங்காகப் பயன்படுகின்றனவா என்று கட்டுப்படுத்துவது, எதிர்காலத் திசையைத் தீர்மானிப்பது. ஒவ்வொன்றுக்கும் வேறு வகைத் தகவல் வேண்டும் என்பது அவருடைய வாதம்.

நம் பேக்டரியில் கீழ் அடுக்கு என்பது இலை ஷெட், ரோலர், டிரையர், சார்ட்டிங். ஹட்டிக்கு ஹட்டி, அதாவது ஊருக்கு ஊர், போய் வரும் வண்டியில் யாருடைய இலை எத்தனை கிலோ, ஈரத்துக்கு எவ்வளவு கழித்தோம், எந்த ட்ரஃபில் (இலையை வாட்டும் தொட்டியில்) கொட்டினோம், எத்தனை மணிக்கு இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலருக்குப் போனது, எத்தனை கிலோ தூள் இறங்கியது, எந்த கிரேடு எத்தனை மூட்டை. இவை எல்லாம் நுணுக்கமான, அன்றன்றே தேவைப்படும் எண்கள்.

நடு அடுக்கு மேனேஜரும், தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கரும். இந்த வாரம் அவுட்டர்ன் (நூறு கிலோ இலைக்கு எத்தனை கிலோ தூள் என்ற சதவீதம்) ஏன் இறங்கியது, எந்த வண்டி ரூட் இலை முற்றலாக வருகிறது, ஒரு கிலோ தூளுக்கு விறகு எவ்வளவு போகிறது, சென்ற ஏலத்தில் விற்காமல் நின்ற லாட்டை அதே விலைக்கு மறுபடி வைப்பதா குறைப்பதா. இவர்களுக்கு ஒவ்வொரு விவசாயியின் எடையும் வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க முடிகிற சுருக்கம் வேண்டும்.

மேல் அடுக்கு முதலாளி, அல்லது பங்குதாரர்கள். இன்னொரு சி.டி.சி. லைன் போடலாமா, இலையை நசுக்காமல் சுருட்டிச் செய்யும் ஆர்த்தடாக்ஸ் தேயிலையும் கொஞ்சம் செய்யலாமா, பக்கத்து பேக்டரி குத்தகைக்கு வருகிறதே எடுக்கலாமா. இங்கே தேவைப்படும் தகவலில் பாதி நம் பேக்டரிக்குள்ளேயே கிடையாது. ஏல நிலவரம், கென்யாவின் விளைச்சல், வங்கி வட்டி, மழை என்று அது வெளியில் இருக்கிறது. எந்த மென்பொருள் வாங்கினாலும் அது தானாக வந்துவிடாது. விற்பவர் "இது எல்லா முடிவுக்கும் உதவும்" என்று சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

1978இல் பொருளாதார நோபல் பெற்ற ஹெர்பர்ட் சைமன் முடிவுகளை இன்னொரு விதமாகப் பிரித்தார். விதி எழுதி வைத்து எந்திரம் போல எடுக்கக்கூடியவை ஒரு பக்கம், ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்க வேண்டியவை மறுபக்கம். எம்.ஐ.டி.யைச் சேர்ந்த கோரியும் ஸ்காட் மார்ட்டனும் 1971இல் ஆண்டனியின் மூன்று அடுக்கையும் சைமனின் பிரிவையும் ஒரே கட்டத்தில் சேர்த்து வரைந்தார்கள். அந்தக் கட்டத்தைத் தேயிலை பேக்டரி மீது வைத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. விவசாயிக்கு மாதக் கணக்கு முடிப்பது முழுக்க விதிப்படி நடக்கும் வேலை, கம்ப்யூட்டர் அதை நம்மைவிட நன்றாகச் செய்யும். புது லைன் போடுவது பெரும்பாலும் மனித யோசனை, கம்ப்யூட்டர் சில எண்களைத் தரலாம், அவ்வளவுதான். நடுவில், பாதி விதியும் பாதி அனுபவமுமாக ஒரு பெரிய பகுதி இருக்கிறது. மழை நாளில் இலைக்கு எத்தனை சதவீதம் கழிப்பது, எந்த ரூட் இலையைத் தனியாக ஓட்டுவது, ரோலரைக் கொஞ்சம் இறுக்கி, பொடியான டஸ்ட் கிரேடு தூளை அதிகமாக எடுப்பதா. ஒரு சிறிய பேக்டரி லாபம் பார்ப்பதும் நஷ்டப்படுவதும் இந்த நடுப்பகுதியில்தான் என்பது என் திடமான கருத்து.

ஒரு சதவீதம் என்ன செய்யும்

கணக்குக்கு ஒரு பேக்டரியை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 10,000 கிலோ பசுந்தேயிலை வருகிறது. ஒரு கிலோ தூளுக்குச் சுமாராக 4 முதல் 4.5 கிலோ இலை வேண்டும். அவுட்டர்ன் 24 சதவீதம் என்றால் 2,400 கிலோ தூள். அதுவே 23 ஆக இறங்கினால் 2,300. நூறு கிலோ குறைகிறது. ஏலத்தில் கிலோ 110 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 11,000 ரூபாய். மாதம் 25 நாள் ஓடினால் 2,75,000 ரூபாய்.

அந்த ஒரு சதவீதம் எங்கே போனது என்று நோட்டைப் பார்த்துச் சொல்லிவிட முடியுமா? இலையோடு வந்த மழைத் தண்ணீரை எடையாக எழுதியிருக்கலாம். வண்டியில் ஒரு எடை, ஷெட்டில் இன்னொரு எடை என்று வித்தியாசம் வந்திருக்கலாம். முற்றிய இலை கூடியிருக்கலாம், சார்ட்டிங்கில் நாரும் கழிவும் அதிகம் போயிருக்கலாம், டிரையரில் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கலாம். எடையும் ஈரத்துக்குக் கழித்த அளவும் ரூட் வாரியாகவும் நேரத்தோடும் பதிவாகியிருந்தால் இதில் பாதியை அன்றே பிரித்துப் பார்க்கலாம். மாதக் கடைசியில் மொத்தமாகப் பார்த்தால் ஐந்து காரணமும் ஒன்றாகக் கலந்து கிடக்கும்.

இலை விலையும் இதோடு சேர்கிறது. ஏலச் சராசரி விலையில் 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு பேக்டரிக்கு என்ற விலைப் பகிர்வு முறையில், நீலகிரிக்கான பசுந்தேயிலைச் சராசரி விலையைத் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிறது. எளிமையாகப் போட்டால், 110 ரூபாயில் 65 சதவீதம் 71.50. அதில் 24 சதவீத அவுட்டர்ன் என்றால் இலைக்குக் கிலோ 17.16 ரூபாய். கவனியுங்கள், இலையை வாங்கி, தூளாக்கி, மூட்டை கட்டிய பிறகுதான் அந்த இலையின் விலையே முடிவாகிறது. இன்று செய்த தூள் ஏலத்தில் ஏறி விற்க வாரங்கள் ஆகும், பணம் கைக்கு வர இன்னும் நாளாகும். அதாவது வாங்கும் விலையும் தெரியாமல், விற்கும் விலையும் தெரியாமல்தான் மேனேஜர் தினமும் முடிவெடுக்கிறார். அவர் கையில் உறுதியாக இருக்கக்கூடியவை எடை, அவுட்டர்ன், விறகு, மின்சாரம், கிரேடு கலவை ஆகியவை மட்டும்தான். அவையாவது சரியாக இருக்க வேண்டாமா?

தேநீர்க் கடைக்காரர்கள் செய்த முதல் கம்ப்யூட்டர்

இந்த இடத்தில் ஒரு பழைய கதை பொருத்தமாக இருக்கும். லண்டனில் லியான்ஸ் என்ற நிறுவனம் ஊர் முழுக்கத் தேநீர்க் கடைகள் நடத்தியது, கேக்கும் ரொட்டியும் தேயிலைப் பாக்கெட்டும் விற்றது. அவர்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டரை முன்மாதிரியாக வைத்து, தங்களுக்கென்று லியோ என்ற எந்திரத்தைக் கட்டினார்கள். 1951இல் அது பேக்கரிக் கணக்கைப் போடத் தொடங்கியது. ஒரு வியாபாரத்தின் அன்றாட வேலைக்கு ஓடிய உலகின் முதல் கம்ப்யூட்டர் அதுதான். கம்ப்யூட்டர் என்றால் அணு ஆராய்ச்சியும் ராணுவமும் என்று இருந்த காலத்தில் வியாபாரக் கம்ப்யூட்டர் தேநீர்க் கடையில் பிறந்தது என்பது தேயிலை ஊர்க்காரர்களான நமக்கு ஒரு பெருமைதானே.

எனக்குப் பிடித்தது அதற்கடுத்து அவர்கள் செய்த காரியம். கடைகளுக்குத் தினமும் சரக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கடைக்கும் வழக்கமான ஆர்டர் ஒன்றை எந்திரத்தில் ஏற்றி வைத்தார்கள். கடையை நடத்தும் பெண்மணி வழக்கத்திலிருந்து மாறும் சாமானை மட்டும் போனில் சொன்னால் போதும். மீதியை எந்திரம் பார்த்துக்கொண்டது. எழுபது ஆண்டுக்கு முன்பே அவர்கள் பிடித்த சூட்சுமம் இது: மனிதர் மாற்றத்தைக் கவனிக்கட்டும், வழக்கத்தைக் கம்ப்யூட்டர் கவனிக்கட்டும். நம் பேக்டரிக்கும் இதே போதும். நாற்பது அறிக்கை வேண்டாம். ஏழு நாள் சராசரியிலிருந்து விலகியவை எவை என்று மட்டும் காட்டினால் மேனேஜருக்குக் காலை பத்து நிமிடத்தில் வேலை முடியும்.

முதல் வழி: நோட்டும் எக்செலும்

செலவில்லை, எல்லோருக்கும் பழக்கம், கரண்ட் போனாலும் நோட்டு நிற்காது. இந்த மூன்றும் சிறிய விஷயங்கள் இல்லை. நூறு விவசாயிக்குள் இலை வாங்கும் பேக்டரி என்றால் இதிலேயே ஒழுங்காக ஓட்டலாம் என்பேன்.

அதற்கு மேல் போனால் சிக்கல். ஒரே எடை மூன்று இடத்தில் எழுதப்படுகிறது: வண்டியில் சீட்டு, ஷெட்டில் ரெஜிஸ்டர், அப்புறம் ஆபீசில் எக்செல். ஏப்ரல் முதல் ஜூன் வரை இலை குவியும் நாட்களில் எழுதுபவர் களைத்துப் போவார், 17 என்பது 71 ஆகும். அந்தப் பிழை மாதக் கடைசியில் விவசாயி வந்து நிற்கும்போதுதான் தெரியும். அவர் பக்கம் நியாயம் இருந்தாலும் காட்ட ஆதாரம் இருக்காது. இன்னொன்று, அந்த எக்செல் ஃபைல் கணக்கர் ஒருவரின் தலைக்குள் இருக்கிறது. அவர் வேலையை விட்டால் பேக்டரிக்கு ஞாபகமே போய்விடும்.

இரண்டாம் வழி: எடைக் கருவியோடு இலைப் பதிவு, கூடவே டேலி

நான் பரிந்துரைப்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இலை வாங்கும் இடத்திலேயே எலக்ட்ரானிக் தராசு இருக்கும். தராசிலிருந்து எடை புளூடூத்தில் கைபேசிக்கோ கையடக்கக் கருவிக்கோ நேராகப் போகும். நடுவில் யாரும் எண்ணைத் தட்டுவதில்லை. விவசாயியின் எண்ணைத் தேர்ந்தெடுத்து, ஈரக் கழிவைப் போட்டு, சின்ன பிரிண்டரில் சீட்டு கொடுத்துவிடலாம். வண்டி பேக்டரிக்கு வந்ததும் ஷெட்டில் மொத்த எடையை மறுபடி போட்டால் இரண்டும் அங்கேயே ஒத்துப் பார்க்கப்படும். ஒரு வண்டியில் முப்பது கிலோ வித்தியாசம் என்றால் டிரைவரும் சூப்பர்வைசரும் எதிரிலேயே இருக்கும்போது கேட்கலாம்.

கருவி வாங்கும்போது மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். முதலாவது, சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்ய வேண்டும். கிண்ணக்கொரை பக்கமோ கீழ்க்கோத்தகிரிப் பள்ளத்திலோ நெட்வொர்க்கை நம்பி எடை போட முடியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட வாரத்தில் மரம் விழும், கம்பி அறும், டவர் நிற்கும், ஆனால் பறித்த இலை காத்திருக்காது. கருவி தனக்குள் சேமித்து வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைத்ததும் அனுப்ப வேண்டும். இரண்டாவது, தராசு சட்டப்படி ஆண்டுதோறும் முத்திரை வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். முத்திரை இல்லாத தராசின் எண்ணை எவ்வளவு அழகான மென்பொருளில் ஏற்றினாலும் விவசாயி கேள்வி கேட்டால் நிற்காது. மூன்றாவது, காகிதச் சீட்டு கட்டாயம். எஸ்.எம்.எஸ். மட்டும் போதும் என்று விற்பவர் சொல்வார். இலையைக் கொண்டுவந்து போடுவது வயதான அம்மாவாக இருக்கும், பதிவான கைபேசி எண் பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுடையதாக இருக்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் தமிழோடு மலையாளமும் வேண்டும். சீட்டு அவர் கையில், அவருக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில் இருக்க வேண்டும். இந்த அமைப்பைப் பயன்படுத்துபவர்களில் விவசாயியும் ஒருவர் என்பதை மென்பொருள் எழுதுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். அவருக்குத் தன் எடை மீது நம்பிக்கை வந்தால் நல்ல இலை நம் வண்டிக்கு வரும், அடுத்த பேக்டரி ஏஜென்ட்டுக்குப் போகாது.

டேலியைச் சேர்ப்பதற்குக் காரணம் எளிது. 1986இல் பெங்களூரில் தொடங்கிய அந்தக் கம்பெனியின் மென்பொருள் தெரிந்த கணக்கர் ஊட்டியிலும் குன்னூரிலும் சுலபமாகக் கிடைப்பார். ஆடிட்டருக்கும் அதுவே பழக்கம். தூளுக்கான 5 சதவீத ஜி.எஸ்.டி., ஈ-வே பில், சம்பளம், வங்கி எல்லாம் அதில் அடங்கும். உங்கள் பேக்டரி பிரைவேட் லிமிடெட் என்றால் 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் யார் எதைத் திருத்தினார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்பது சட்டம். வாங்கும் பதிப்பில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பங்குதாரர் சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனத்துக்கு (பார்ட்னர்ஷிப்) அந்தக் கட்டாயம் இல்லை, ஆனாலும் வைத்துக்கொள்வது நல்லது.

ஒவ்வொரு நாள் எடையையும் டேலிக்குள் கொட்ட வேண்டாம். தினசரி இலை விவரம் இலை மென்பொருளிலேயே இருக்கட்டும். மாதம் ஒருமுறை, ஒவ்வொரு விவசாயிக்கும் மொத்த இலை, விலை, கொடுத்த முன்பணம், உரத்துக்குப் பிடித்தது, மீதி என்று ஒரே பதிவாக டேலிக்குப் போகட்டும். இங்கேதான் குறையும் இருக்கிறது. இரண்டு மென்பொருள் என்பதால் இரண்டிலும் விவசாயிகளின் பட்டியல் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்றில் புதியவரைச் சேர்த்து மற்றதில் மறந்தால் மாதக் கணக்கு இடறும். ஒருவரை மட்டும் இதற்குப் பொறுப்பாக வைத்தால் சமாளிக்கலாம்.

மூன்றாம் வழி: ஈ.ஆர்.பி.

கொள்முதல், உற்பத்தி, ஸ்டாக், விற்பனை, கணக்கு எல்லாம் ஒரே தரவுத்தளத்தில். மும்பையில் உருவான ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட், பெல்ஜியத்தின் ஓடூ இரண்டுக்கும் மூலக்குறியீடு திறந்த பதிப்புகள் உண்டு. ஜோஹோவிலும் தனித்தனிச் செயலிகளை இணைத்து இதைப் போல அமைக்கலாம். ஒரே எண்ணை ஒருமுறை பதிந்தால் எல்லா இடத்திலும் அதுவே வரும் என்பது உண்மையான பலம். நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் இவற்றின் உற்பத்திப் பகுதி பெரும்பாலும் ஒரு நாற்காலி செய்யும் தொழிற்சாலையை மனதில் வைத்து எழுதப்பட்டது. நான்கு கால், ஒரு பலகை, பதினாறு திருகு, ஒரு நாற்காலி. பல பொருள் உள்ளே போய் ஒரு பொருள் வெளியே வரும், அளவு மாறாது. தேயிலையில் எல்லாம் தலைகீழ். ஒரே இலை உள்ளே போகிறது, பல கிரேடு வெளியே வருகிறது. அந்த விகிதம் மழைக்கும் வெயிலுக்கும் மாறுகிறது. இதைவிடப் பெரிய சிக்கல், நான் முன்பே சொன்ன இலை விலை. பொருள் உள்ளே வரும்போதே அதற்கு விலை போட வேண்டும் என்று ஈ.ஆர்.பி. எதிர்பார்க்கும். நமக்கோ விலை அடுத்த மாதம் வரும். தற்காலிக விலை போட்டு, பிறகு திருத்தி, அந்த வித்தியாசத்தை விற்றுப்போன தூளிலும் கையிலிருக்கும் தூளிலும் பிரித்துப் போட வேண்டும். செய்ய முடியாதது அல்ல. செய்து கொடுப்பவருக்குத் தேயிலை தெரிந்திருக்க வேண்டும், அதற்கு அவர் வாங்கும் கூலிதான் உண்மையான செலவு. "மென்பொருள் இலவசம்" என்ற பேச்சில் அந்தக் கூலி சேர்வதில்லை.

இரண்டு மூன்று பேக்டரி வைத்திருப்பவருக்குக் கணக்கே மாறும். எந்த இடத்து இலையை எங்கே ஓட்டுவது, எந்த பேக்டரியில் விறகு அதிகம் போகிறது என்று ஒப்பிட ஒரே அமைப்பு வேண்டும். 1965இல் தொடங்கிய இன்கோசர்வ் போல 16 கூட்டுறவு பேக்டரிகளை ஒன்றாகப் பார்க்க வேண்டிய அமைப்புகளுக்கு எக்செல்லும் தனித்தனி டேலியும் எந்தக் காலத்திலும் போதாது. அவர்களுக்கு ஈ.ஆர்.பி. தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சொந்த பிராண்டில் பாக்கெட் போட்டு, ஆன்லைனில் விற்று, ஏற்றுமதியும் செய்பவர்களும் இந்தப் பக்கம் வரலாம். அவர்களுக்கு ஸ்டாக்கும் விற்பனையும்தான் பெரிய தலைவலி, இலை அல்ல.

நான்காம் வழி: ஆள் வைத்து எழுதிக்கொள்வது

நம் வேலை முறைக்கு அச்சு அசலாகப் பொருந்தும். கழிவுக் கணக்கு, முன்பணம், விழாக்கால போனஸ் என்று நம் பழக்கம் எதையும் மாற்ற வேண்டாம். எழுதியவர் பக்கத்தில் இருக்கும் வரை எல்லாம் சுகம். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் ஒரு சின்னத் திருத்தத்துக்கும் ஆள் தேட வேண்டும். இதை எடுப்பதானால் மூலக்குறியீடும் தரவும் பேக்டரிக்குச் சொந்தம் என்று எழுத்தில் வாங்குங்கள், கடவுச்சொற்கள் முதலாளியிடம் இருக்கட்டும். தனி ஆளை விட இரண்டு மூன்று பேர் உள்ள சிறு நிறுவனத்திடம் கொடுப்பது பத்திரம். எனக்கு இந்த வழியில் பெரிய ஆர்வம் இல்லை, ஏனென்றால் மற்ற பழக்கங்களைப் போலவே தவறான பழக்கங்களும் அப்படியே மென்பொருளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

காலைப் பக்கம்

எந்த வழியை எடுத்தாலும் இது வேண்டும், இல்லாவிட்டால் செலவு வீண். மேலாண்மை அறிஞர் ரஸ்ஸல் அக்காஃப் 1967இலேயே எச்சரித்தார்: மேலாளர்களின் பெரிய துன்பம் தகவல் பற்றாக்குறை அல்ல, தேவையில்லாத தகவல் குவிவது என்று. அவர் சொன்ன இன்னொன்றும் முக்கியம். மேலாளரிடம் "உங்களுக்கு என்ன தகவல் வேண்டும்" என்று கேட்டால், எந்த முடிவுக்கு எது வேண்டும் என்று தெளிவில்லாதவர் எல்லாமே வேண்டும் என்றுதான் சொல்வார். மென்பொருள் விற்பவர்கள் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதன் பலன்தான் யாரும் திறக்காத அறுபது அறிக்கைகள்.

என் பக்கத்தில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். நேற்று வந்த இலை, கழித்த சதவீதம், வண்டி எடைக்கும் ஷெட் எடைக்கும் உள்ள வித்தியாசம். நேற்றைய அவுட்டர்ன், அதன் பக்கத்திலேயே ஏழு நாள் சராசரியும் சென்ற ஆண்டு இதே வாரமும். சென்ற ஆண்டு எண் ஏன் என்றால், டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களையும் மே மாதத்தையும் ஒப்பிட்டுப் பயனில்லை. ஒரு கிலோ தூளுக்கு எவ்வளவு விறகு, எவ்வளவு மின்சாரம். கையிலிருக்கும் மூட்டைகள் கிரேடு வாரியாக. வாரத்தில் ஒருநாள், ஏலம் முடிந்ததும், நம் விலைக்கும் குன்னூர் ஏலச் சராசரிக்கும் உள்ள இடைவெளியும், புரோக்கர் சாம்பிள் ருசி பார்த்து எழுதிய குறிப்பும் சேரும். சராசரியிலிருந்து விலகிய எண் மட்டும் தடித்த எழுத்தில் வரட்டும்.

டீ மேக்கருக்கு இந்தப் பக்கம் தமிழில், தாளில் போக வேண்டும் என்பது என் பிடிவாதம். இலையைக் கையில் கசக்கி வாட்டத்தைச் சொல்லக்கூடிய அனுபவம் அவருடையது. எண் அவருக்கு ஆதாரமாக இருக்க வேண்டும், அவரை வேவு பார்ப்பதாக ஆகிவிடக்கூடாது. அவுட்டர்ன் இறங்கினால் திட்டு விழும் என்று ஆகிவிட்டால், எண்ணைச் சரிக்கட்டும் வேலை இலை ஷெட்டிலேயே தொடங்கிவிடும். மழை நாளில் கழிவைக் கூட்டிப் போட்டால் பேக்டரியின் அவுட்டர்ன் அழகாகத் தெரியும், அதன் சுமை விவசாயி தலையில் இறங்கும். அதனால்தான் கழிவு சதவீதத்தை அவுட்டர்னுக்குப் பக்கத்திலேயே அச்சிடச் சொல்கிறேன். ஒன்றைப் பார்ப்பவர் மற்றதையும் பார்த்தே ஆக வேண்டும்.

செலவை எப்படி ஒப்பிடுவது

விற்பவர் கொடுக்கும் விலைப் பட்டியலில் உள்ள முதல் எண்ணை விட்டுவிடுங்கள். ஐந்து ஆண்டுக்குச் சேர்த்துப் போடுங்கள்: உரிமம், அமைத்துக் கொடுக்கும் கூலி, தராசு, கருவி, பிரிண்டர், ஆண்டுப் பராமரிப்பு, இதைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளத்தில் ஒரு பங்கு. கீழே ஒரு கோடு போட்டு, உங்கள் பேக்டரியில் அவுட்டர்ன் அரை சதவீதம் கூடினால் ஐந்து ஆண்டில் என்ன வரும் என்று எழுதுங்கள். மேலே சொன்ன பேக்டரி அளவுக்கு அது மாதம் 1,37,500 ரூபாய். இரண்டாம் வழி இந்தச் சோதனையில் தாராளமாகத் தேறும். ஈ.ஆர்.பி. தேறுமா என்பது பேக்டரியின் அளவைப் பொறுத்தது. அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈ.ஆர்.பி. கொண்டு வரும் அவுட்டர்ன் லாபமும் தராசுப் பதிவிலிருந்துதான் வருகிறது, கணக்குப் பகுதியிலிருந்து அல்ல.

தரவைத் திரும்ப எடுக்க முடியுமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். சந்தாவை நிறுத்தினால் ஐந்து ஆண்டு இலைக் கணக்கு எக்செல்லாகக் கையில் வருமா? வாயால் "வரும்" என்றால் போதாது, எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விவசாயிகளின் ஆதாரும் வங்கி எண்ணும் நம்மிடம் இருக்கின்றன, 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. அவற்றைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தை இந்த மாற்றத்தோடு நிறுத்திவிடலாம்.

மாறுவதற்கு நல்ல காலம் உறைபனியை ஒட்டிய மாதங்கள். ஜனவரியில் இலை குறைவு, ஆட்களுக்குக் கொஞ்சம் ஓய்வு. அப்போது ஒரே ஒரு ரூட்டில் தராசும் கருவியும் தொடங்குங்கள். பிப்ரவரி, மார்ச்சில் எல்லா ரூட்டிலும் கொண்டுவந்து, நோட்டையும் கூடவே எழுதுங்கள். இரட்டை வேலைதான், ஆனாலும் அந்த இரண்டு மாதமும் இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும். மார்ச் கடைசியில் ஒவ்வொரு விவசாயிக்கும் முன்பணம் போக மீதி என்ன என்று அச்செடுத்துக் காட்டி, ஒப்புக்கொண்டு கையெழுத்து வாங்கிவிட்டால் ஏப்ரல் 1 அன்று புது நிதியாண்டின் தொடக்க இருப்பாக அதையே ஏற்றலாம். கோடை மழை பெய்து இலை குவியத் தொடங்கும்போது வண்டியில் போகும் பையனுக்குக் கருவி கைப்பழக்கமாகி இருக்கும்.